உப்புத்தாள் போட்ட கிளாம்ப்

போன வாரம் நிவேதா ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவள். சிதம்பரத்தில் நாங்கள் நடத்திய நரம்புக் காய ஆய்வுக்கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. ஹலோ சொல்வதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"மேடம், பல ஊரு லேப்பும் சேந்து ஒரே மாதிரி வேல செய்யணும்னு பேசியிருக்கோம்ல. எல்லாரும் அவங்கவங்க செய்முறைய அனுப்பணும். நம்மளோடத இங்கிலீஷ்ல எழுதிக்கிட்டிருக்கேன். எல்லாம் சரியா இருக்கு. அந்த ஒரே ஒரு விதியத்தான் எப்படி அனுப்புறதுன்னு தெரியல. எடுத்துடலாமா?"

எந்த விதி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். 'ஆயுதபூஜை முடிந்து ஆய்வுக்கூடம் திறந்ததும், கிளாம்பைக் கார்பன் பேப்பரில் அழுத்திப் பார்க்காமல் எந்த எலியின் மேலும் கை வைக்கக் கூடாது.' எழுதியவள் நான்.

"எடுத்துப் பாரு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு அங்க வந்து நிப்பேன்" என்றேன்.

"இல்ல மேடம், வெளிநாட்டுக்காரங்க படிச்சா இன்னா நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். நெனைச்சு, அவங்க ஊர்ல எந்தப் பண்டிகைக்கு எதத் தேய்க்கிறாங்கன்னு கொஞ்சம் பாக்கட்டும்."

அவளுக்கு விஷயம் தெரியாது. நான் வேலையில் இருந்தவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்காதவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை சொல்கிற ஆள் இல்லை. ஃபோனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த விதி எப்படி வந்தது என்று அவளுக்காகவும், அவளுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காகவும் எழுதிவிடுகிறேன். பெருமையடித்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், அடித்துக்கொள்கிறேன்.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கையிலோ காலிலோ உள்ள நரம்பு நசுங்கினாலோ அறுந்தாலோ அந்தப் பாகம் மரத்துப்போகும், அசையாது. நரம்பு மெதுவாகத் திரும்ப வளரும். மிக மிக மெதுவாக. அதை வேகப்படுத்த மருந்து உண்டா என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். தேடுவது எலியிடம். எலியை மயக்கி, தொடையில் இறங்கும் பெரிய நரம்பை நசுக்கி, பிறகு அதன் கால் எப்படித் திரும்ப வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் எல்லா எலிக்கும் ஒரே அளவு காயம் பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், மருந்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. என் வேலைக்காலம் முழுக்க நான் கட்டிக்கொண்டு அழுதது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

கடலூருக்குத் தெற்கே கடலோரக் குப்பம் என் ஊர். அப்பா கடலுக்குப் போனவர். எங்கள் தெருவில் எம்.எஸ்ஸி. வரைக்கும் போன முதல் பெண் நான். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி சிதம்பரத்தில் இறங்குவேன். திரும்பி வரும்போது பெட்டியில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், மேலெல்லாம் எலி வாசனை. எலியைப் பிடிக்கக் கற்றேன், கடி வாங்கினேன், மயக்க மருந்து அளக்கக் கற்றேன், உருப்பெருக்கிக்குக் கீழே தைக்கக் கற்றேன். படிப்புக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சேர்ந்த புதிதில் அங்கே நரம்பை நசுக்குவது அவரவர் இஷ்டம். ஒருவர் மெல்லிய இடுக்கியால் பிடிப்பார், இன்னொருவர் தடித்த கிளாம்பால். "எவ்வளவு அழுத்தணும்?" என்று கேட்டால், "அதெல்லாம் கை சொல்லும்" என்பார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் கையில் மாட்டிய எலிக்கு அன்றைக்கு நல்ல காயம். இப்படி நசுக்கிவிட்டு ஒரு மருந்து வேலை செய்தது, இன்னொன்று செய்யவில்லை என்று கட்டுரை கட்டுரையாக எழுதுவார்கள்.

இதை மாற்றியவர் பேராசிரியர் ஞானப்பிரகாசம். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையின் பொத்தானை எந்த வெயிலிலும் அவிழ்க்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான்: "எப்படித் தெரியும்?" கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாம் பதில் சொல்லும்வரை துடைப்பார். அவருடைய கண்ணாடி அளவுக்குச் சுத்தமான கண்ணாடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே 'எப்படித் தெரியும் சார்'தான்.

அவர் வந்ததும் கண்ட இடுக்கிகளையும் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கைப்பிடியில் பூட்டுப்பல் வைத்த ஒரே ஒரு கிளாம்ப், அதைத் தவிர வேறெதுவும் நரம்பைத் தொடக் கூடாது. அதன் வாயில் குறுக்குக் கோடுகளாகச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். பூட்டின் எத்தனையாவது பல்லில் மாட்ட வேண்டும், எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும், எல்லாம் முடிவானது. வேலை தொடங்கிய அன்று ஒரு வெள்ளைத் தாள் மேல் கார்பன் பேப்பரை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிளாம்பால் கடிக்கவைத்தார். தாளில் வரிவரியாகப் பற்களின் தடம் விழுந்தது. "இதுதான் இதோட கையெழுத்து, வெச்சிருப்போம்" என்று சொல்லித் தாளைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அவர் எதையும் தூக்கியெறியாத மனிதர், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நசுக்குகிற வேலை என் கைக்கு வந்தது. தொடையின் தசை இரண்டையும் வெட்டாமல் விலக்கினால் நடுவில் நரம்பு வெள்ளையாகப் பளிச்சென்று கிடக்கும். எலும்பின் முனையிலிருந்து அளந்து, எல்லா எலிக்கும் அதே இடம். நசுக்கிய இடத்தில் நரம்பு கண்ணாடி மாதிரித் தெரியும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் தசையில் அடையாளத்துக்குக் கறுப்பு நூலால் ஒரு முடிச்சு. பிறகு தையல், வலி மருந்து, கூண்டில் மெத்தென்று மரத்தூள். எலியும் ஒரு உயிர், அதை வலியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் சார் பார்க்கிற பார்வையில் சோறு இறங்காது.

பிறகு நடைச் சோதனை. நீளமான மரத் தடம், மறுகோடியில் இருட்டுப் பெட்டி. எலிக்கு இருட்டு பிடிக்கும், அதனால் ஓடும். பின்னங்காலில் ஸ்டாம்ப் பேட் மை தடவி, கீழே வெள்ளைத் தாளை விரித்து ஓடவிடுவோம். நல்ல காலின் தடத்தில் விரல்கள் பூப்போல விரிந்திருக்கும். நரம்பு போன காலில் விரல்கள் ஒட்டிக்கொள்ளும், குதிகால் இழுபடும், தடம் நீண்டு போகும். நாளாக ஆக விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். நடுவில் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கிற எலியின் தடம் செல்லாது, திரும்ப ஓடவிட வேண்டும். எரிச்சல் பிடித்த வேலை. ஆனால் ஒட்டிக் கிடந்த விரல்கள் தாளில் விரிந்து விழுகிற அன்று எனக்கு வருகிற சந்தோஷத்தை எவனாலும் கெடுக்க முடியாது.

டாக்டர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட மருந்து எங்கள் கடற்கரையில் படர்ந்து கிடக்கிற அடப்பங்கொடி. சொறி மீன் கொட்டினால் அதன் இலையைக் கசக்கித் தேய்த்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். வீக்கத்தை அடக்குகிற எதுவோ அதில் இருக்கிறது, நரம்புக்கும் ஆகுமா பார்க்கலாம் என்று தோன்றியது. கொடியை மூட்டை மூட்டையாகப் பறித்துக் கொடுத்தது என் தம்பி ஏழுமலை. விசைப்படகில் வேலை பார்த்தான். "எலிக்கு வைத்தியம் பாக்கத்தான் இவ்ளோ படிச்சியாக்கா?" என்று கேலி செய்துகொண்டே பறிப்பான்.

கூண்டுகள் குறைவு. அதனால் தண்ணீர்க் குழு எலிகளை முதலில் முடித்தேன். நடுவில் ஆயுதபூஜை விடுமுறை வந்தது. திறந்ததும் மருந்துக் குழுவைத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஏழுமலைக்குக் கை போனது. படகில் ஐஸ் பெட்டியின் தகரம் கிழிந்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அலையில் சாய்ந்தவன் கையை ஊன்ற, மணிக்கட்டின் உட்பக்கம், சுண்டு விரல் பக்கமாக ஆழமாகக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்தார்கள், நன்றாகவே தைத்தார்கள். ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் பருந்தின் நகம் போல வளைந்து மடங்கிக்கொண்டன. அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லை. சூடான டீ கிளாசைப் பிடித்துச் சுண்டு விரல் பொத்துப்போனது, அவனுக்குத் தெரியவில்லை. நான்தான் கொப்புளத்தைப் பார்த்தேன். வலை பின்னுகிற ஊசி கையில் நிற்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன்.

ஆஸ்பத்திரியில் விரல்களைச் சரியான வாக்கில் நிறுத்திவைக்க ஒரு ஸ்பிளின்ட் கொடுத்தார்கள். எந்நேரமும் மாட்டியிருக்க வேண்டும். தினமும் மற்றக் கையால் விரல்களை நீட்டி மடக்க வேண்டும். நரம்பு மெல்ல மெல்ல வளர்ந்து விரலுக்கு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருந்தால், வந்த நரம்பால் பிரயோஜனமில்லை. பூட்டிய வீட்டு வாசலில் கரண்டு கம்பி வந்து நின்ற கதைதான். இதை நான் அவனுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

அதற்குள் என் மருந்துக் குழு எலிகள் ஓடத் தொடங்கின. ஓட்டமா அது! தண்ணீர்க் குழுவில் விரல்கள் ஒட்டிக் கிடந்த அதே கட்டத்தில், இவற்றின் விரல்கள் பளிச்சென்று விரிந்து தாளில் விழுந்தன. எத்தனை தரம் அளந்தாலும் அதேதான். நான் மரத் தடத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் பட்டம், என் குப்பத்துக் கொடி, என் தம்பி கை, மூன்றும் ஒரே தாளில் இருந்தன.

வீட்டுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்தே ஏழுமலை கண்டுபிடித்துவிட்டான். "இன்னாக்கா, எலி நடந்துட்ச்சா?"

"இன்னும் சார் பாக்கல. ஒண்ணும் கேக்காத."

"நடந்துட்ச்சுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கே! நான் பறிச்சாந்த கொடிதான்க்கா அது. எனக்கு இல்லாத மருந்தா?"

மனுஷருக்குக் கொடுக்கிற கட்டம் இது இல்லை, அதற்கு எவ்வளவோ இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டான். ஆனால் அடுத்த முறை போனபோது ஸ்பிளின்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "அது ஜாஸ்தி அரிக்குதுக்கா. எப்பிடியும் மருந்து வரத்தானே போவுது, அப்ப பாத்துக்கலாம்" என்றான். விரலை நீட்டிப் பார்த்தேன். முன்பு போல நீளவில்லை. கத்தினேன், திட்டினேன். நான் இருக்கும்போது மாட்டிக்கொண்டு, போனதும் கழற்றிவிடுவான் என்று எனக்குத் தெரியும். கடலுக்குப் போகிற ஆளை வீட்டில் கட்டிப்போட்டால் அவன் ஏதோ ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொள்ளத்தானே செய்வான்.

ஆகவே மருந்தைச் சீக்கிரம் நிரூபித்துவிட வேண்டும், முறைப்படி அது மனிதர்கள் வரைக்கும் போக வேண்டும் என்ற வெறியோடு தாள்களை அள்ளிக்கொண்டு சாரிடம் போனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தாளையும் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணிக் குழு முதல்ல, மருந்துக் குழு அப்புறம். இல்லையா? நடுவுல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல சார். அதே கை, அதே கிளாம்ப், அதே இடம், அதே தீனி."

"மாறலன்னு எப்படித் தெரியும்?"

துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறுபடி செய்ங்க. இந்தத் தடவ ரெண்டு குழுவையும் கலந்து, அதே நாள்ல. எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்குத் தண்ணின்னு உங்களுக்குத் தெரிய வேணாம். நான் கலக்கி வெக்கறேன்."

"சார், என் தம்பி கை..." என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையை மேசையில் அடித்துக்கூட சொன்னேன் என்று நினைக்கிறேன். என்னைத் திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அதனாலதான் மறுபடின்னு சொல்றேன்" என்றார். அவரை அன்றைக்கு நான் மனசார வெறுத்தேன்.

மறுபடி செய்தேன். கூண்டு போதாமல் பக்கத்துத் துறையில் கெஞ்சிக் கடன் வாங்கினேன். எந்த எலி எது என்று தெரியாமலே நசுக்கினேன், தெரியாமலே புகட்டினேன், தெரியாமலே தடங்களை அளந்தேன். அளக்க அளக்க எனக்கு வானத்தில் பறப்பது போல இருந்தது. எல்லா எலியும் அவ்வளவு வேகமாகக் குணமாகிக்கொண்டிருந்தது.

எல்லா எலியும். அந்த வார்த்தை எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாதி எலிகள் வெறும் தண்ணீர்தானே குடித்தன?

சார் தன்னிடம் இருந்த குறிப்பைப் பிரித்து எதிரே வைத்தார். மருந்து குடித்ததற்கும் தண்ணீர் குடித்ததற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. என் அடப்பங்கொடி அந்த மேசை மேலேயே செத்துப்போனது.

"மருந்து ஒண்ணும் செய்யல, அது தெரிஞ்சுபோச்சு. அப்போ முதல் தடவ தண்ணி குடிச்ச எலிங்க மட்டும் ஏன் அவ்ளோ மெதுவா நடந்துச்சு?" என்றார். அழப்போன எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தேன். தீனி அதே தீனி. எலி வந்த இடம் அதே இடம். என் கையா? பழகப் பழக இளகிவிட்டதா? சார் இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய தாளை எடுத்தார். புதிதாக ஒரு தாளும் கார்பனும் வைத்து, அதே கிளாம்பால், அதே பூட்டில் என்னைக் கடிக்கவைக்கச் சொன்னார்.

பழைய தாளில் பற்கள் வரிவரியாகக் கறுப்பாய் இருந்தன. புதிய தாளில் லேசாக ஒரு நிழல் மட்டும். கிளாம்பின் வாயை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தோம். பற்கள் மழுங்கி, வழுவழுவென்று பளபளத்தன. நரம்பை நசுக்க வேண்டிய வாய் அதைச் சும்மா பிடித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. பூஜைக்கு முன்னால் முழுக் காயம், பூஜைக்குப் பின்னால் அரைக் காயம். அரைக் காயம் பட்ட எலி சீக்கிரம் நடக்காமல் என்ன செய்யும்?

எலிகளைப் பார்த்துக்கொண்ட தாண்டவனைக் கூப்பிட்டேன். கீரப்பாளையத்துக்காரர். கூண்டு சுத்தம் செய்வது, தீனி போடுவது, கருவிகளைக் கழுவுவது எல்லாம் அவர்தான்.

"இந்தக் கிளாம்ப யாரு தொட்டது?"

"நாந்தாம்மா. பூஜைக்கு எல்லாத்தையும் தேய்க்கும்போது இதயும் தேச்சேன். கோடு கோடா அழுக்கு அடைச்சிருந்திச்சு. உப்புத்தாள் போட்டு நல்லா பளபளன்னு ஆக்கிட்டுத்தான் சந்தனம் வெச்சேன்." அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

நான் கத்தினேன். என் ஆறு மாச வேலை, என் பட்டம், என் தம்பி என்று எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுக் கத்தினேன். தாண்டவன் முகம் சுண்டிப்போனது. பூஜைக்குக் கருவியைத் தேய்த்து வைப்பது எங்கள் ஊரில் மேஸ்திரியிலிருந்து மெக்கானிக் வரை எல்லாரும் செய்வதுதான். அழுக்கோடு சாமி முன்னால் வைத்தால்தான் கேவலம். எந்த ஊரிலும் எந்தப் புத்தகத்திலும் 'பண்டிகைக்குக் கருவியைத் தேய்க்காதே' என்று எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் புத்தகம் எழுதியவர்களுக்கு ஆயுதபூஜை கிடையாது.

சார் என்னை உட்காரச் சொன்னார். தாண்டவனிடம், "அடுத்த வருஷமும் தேய்ங்க, தாண்டவன். நல்லாத் தேய்ங்க. தேய்ச்சதும் வந்து எங்ககிட்டச் சொல்லுங்க, நாங்க அளந்து பாத்துக்கறோம். இதுக்கு மட்டும் உப்புத்தாள் வேணாம், பல் தேய்க்கிற பிரஷ் போதும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இத எழுதுங்க. மருந்தப் பத்தி இல்ல, இதப் பத்தி. வாய் மழுங்கினா காயம் எவ்வளவு குறையும், அதக் கண்டுபிடிக்காம விட்டா எத்தனை மருந்து பொய்யாப் பேர் வாங்கும். யாரும் இத உக்காந்து செஞ்சதில்ல" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். பாராட்டு என்பதே ரயிலில் பாதி தூரம் வந்த பிறகுதான் புரிந்தது. ஆனால் அன்றைக்கு நான் ரயிலேறியது அதற்காக இல்லை. இரண்டு நடைத் தாள்களின் நகலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் குப்பத்துக்குப் போனேன்.

ஏழுமலை படகடியில் உட்கார்ந்து மற்றவர்கள் வலை பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஸ்பிளின்ட் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன். "மருந்து இல்லடா. அது வேல செய்யல. நான் நெனச்சது தப்பு."

என்னையே பார்த்தான். அப்புறம் எழுந்துவிட்டான். "இத்தினி நாளா எலி நடக்குது நடக்குதுன்னு சந்தோஷப்பட்ட? இப்ப இன்னா தப்புன்ற? வெளயாட்றியா? உங்க சார் எழுதிக் குடுக்க மாட்டேன்னாரா? போக்கா, நானே அரைச்சிக் குடிச்சிக்கிறேன். கொடி அங்கதான கெடக்குது."

"குடிச்சிட்டுப் போ. ஆனா மொதல்ல இதப் பாரு." முதல் தாளை மணலில் விரித்து நான்கு பக்கமும் கிளிஞ்சல் வைத்தேன். "இது விரலப் பாரு."

முறைத்துக்கொண்டே குனிந்தான். "விரிஞ்சிருக்குது."

"நல்லா?"

"நல்லாத்தான் விரிஞ்சிருக்குது. இது நம்ம கொடிய குடிச்சதா?"

"இது வெறும் தண்ணி குடிச்சதுடா."

நான் விடவில்லை. "மருந்து குடிக்காததும், முழுசா நசுங்கினதும் கடைசில நடந்துச்சு. நரம்பு தானா வளருதுடா, ஏழுமல. மெதுவா, ஆனா வளருது. யாரும் ஒண்ணும் குடுக்காமலே வளருது." பிறகு இரண்டாவது தாளை விரித்தேன். அதில் தடம் கோணலாக, விரல்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. "இதுவும் தண்ணி குடிச்ச எலிதான். இதுக்கும் நரம்பு வந்திடுச்சு, நரம்பத் தூண்டுற மிஷின்ல வெச்சுப் பாத்துட்டேன், சதை துடிக்குது. ஆனா நரம்பு வர்றதுக்குள்ள இதோட பாதம் மடங்கி இறுகிப்போச்சு. நரம்பு வந்தும் விரிக்க முடியல. உன் விரலு இதுல எது மாதிரி இருக்கணும்னு நீயே சொல்லு."

இன்னொன்றையும் சொன்னேன், ஏனென்றால் அதை மறைத்தால் நான் ஞானப்பிரகாசத்தின் ஆள் இல்லை. "எலியோடது நசுங்கினது. உன்னோடது அறுந்து தைச்சது. அதனால முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா மூட்டு இறுகிட்டா ஒண்ணுமே வராது, அது எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?" என்றான். சாரை அவன் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"தண்ணியக் குடுத்துப் பாத்துட்டேன்ல" என்றேன்.

அந்தத் தண்ணீர் எலியின் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு இடது கையால் வலது கையின் சுண்டு விரலைப் பிடித்து மெதுவாக நீட்டினான். இறுகியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினான். "அந்த எழவ எடுத்தாந்து குடுக்கா" என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். ஸ்பிளின்டைத்தான் சொன்னான். நான் மணலில் ஓடினேன், அந்த வயசிலும் பிள்ளை மாதிரி ஓடினேன்.

அதற்கப்புறம் நான் செய்த வேலையெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், நிவேதா. புதுக் கிளாம்ப் வாங்கி, எல்லாவற்றையும் கலந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொரு முறை செய்தோம். காயம் முழுக்காயமாக இருந்தது. கொடிக்கும் தண்ணீருக்கும் அப்போதும் வித்தியாசம் இல்லை. மழுங்கிய கிளாம்பைப் பற்றி எழுதித்தான் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கார்பன் தாள். குழுக்களைத் தனித்தனி நாளில் செய்வது கூடாது. நசுக்குகிறவரும் அளக்கிறவரும் எது மருந்து என்று அறியக் கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டு நான் போகாத ஊரில்லை. ஒரு கூட்டத்தில் பெரிய ஆய்வாளர் ஒருவர் எழுந்து, "இவ்வளவு சந்தேகப்பட்டால் ஒரு மருந்தும் வெளியே வராதே, அம்மா" என்றார். "வராத மருந்த வந்துடுச்சுன்னு நம்பி ஸ்பிளின்ட கழட்டி வெச்சவன் என் வீட்டுல இருக்கான் சார்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். மருந்து கண்டுபிடித்தவள் என்று எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் என் கையால் ஒரு பொய் மருந்தும் வெளியே போகவில்லை. இந்தப் பெருமை எனக்குப் போதும், போதும் என்ன, நிறையவே இருக்கிறது.

ஏழுமலையின் கை முழுசாக வரவில்லை. குளிர் நாளில் சுண்டு விரல் கொஞ்சம் மடங்கும். ஆனால் சூடு தெரிகிறது, ஊசி நிற்கிறது, வலை பின்னுகிறான். பிறகு சொந்தப் படகு வாங்கினான். அவனுக்கு நம்பிக்கை கொடுத்தது என் கண்டுபிடிப்பு என்றால் நிஜமாகச் சிரிப்பான். "எங்கக்கா கண்டுபிடிச்சது வெறும் தண்ணி" என்று குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அவன் வீட்டுக்குப் போவேன். படகின் எஞ்சினைத் துடைத்து, வலையூசி, கத்தி, திசைகாட்டி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்பான். வரிசையின் கடைசியில் அந்தப் பழைய ஸ்பிளின்ட் இருக்கும், வார் நைந்து, ஓரம் மஞ்சளடித்து. போன வருஷம் அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பயப்படாதக்கா" என்றான். "இத மட்டும் தேய்க்கல."